பாய்க்குக் கச்சானா, கொடிக்குக் கொண்டலா?

வாசகர் கேள்விகளுக்கு ஒரு கடலோர ஓவியரின் பதில்கள்

சென்ற இதழில் என்னைப் பற்றி நாலு பக்கத்துக்கு ஒரு கட்டுரை வந்தது. பெரியபட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு கடலோர ஊரில் இருந்துகொண்டு சுவர், படகு, கடைப்பலகை என்று கிடைத்ததில் எல்லாம் வரைகிற பெண் என்று எழுதியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களை ஆசிரியர் குழு மொத்தமாக ஒரு பையில் போட்டு எனக்கே அனுப்பிவிட்டது. ‘நீங்களே பதில் எழுதிவிடுங்கள்’ என்று உள்ளே ஒரு சீட்டு. எனக்கு எழுத்தை வரையத்தான் வரும், எழுத வராது. இருந்தாலும் முயற்சி செய்கிறேன். எல்லாக் கடிதத்துக்கும் இதில் பதில் இல்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அக்கா, உங்களுக்கு வரையச் சொல்லிக்கொடுத்தது யார்? வீட்டில் யாராவது ஓவியரா? (வாசகி, தங்கச்சிமடம்)

ஓவியர் என்று யாரும் இல்லை. அம்மா பாசி எடுக்கப் போகிறவர். உங்கள் ஊர்க்காரருக்கு இதை விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விரலுக்கு விரல் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு தீவுப் பக்கம் போய் மூழ்கி மூழ்கி மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்கிற பாசிகளைப் பறித்து வருவார்கள் எங்கள் பக்கத்துப் பெண்கள். நோன்புக் காலத்தில் கடல்பாசி காய்ச்சுகிறார்களே, அந்த அகர் அகர் மரிக்கொழுந்திலிருந்துதான் வருகிறது. அம்மா கொண்டுவந்ததை மணலில் பரப்பிக் காயவைப்பதும், அதில் கிடக்கும் கல்லையும் சிப்பியையும் பொறுக்கிப் போடுவதும் என் வேலை. ஈரத்தில் ஒரு நிறமாக இருந்தது மத்தியானத்துக்கு ஒரு நிறம், மறுநாள் இன்னொரு நிறம் என்று மாறிக்கொண்டே போகும். நிறத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அங்கே உட்கார்ந்து பார்த்ததுதான்.

கையைப் பழக்கியது தாய்மாமா. ராமநாதபுரத்தில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தார். லீவு விட்டால் அவர் வீட்டுக்குப் போய்விடுவேன். நூல் அடிப்பது, எழுத்துக்கு அளவு பிரிப்பது, பிரஷை எங்கே அழுத்தி எங்கே தூக்குவது எல்லாம் அவரிடம் பார்த்தது. ‘ழ’ எழுதப் பழகவே எனக்கு ஒரு கோடை லீவு போயிற்று. அப்புறம் ஃபிளெக்ஸ் வந்தது. இரண்டே வருடத்தில் மாமாவுக்குப் பலகை வேலை நின்றுபோய், டைல்ஸ் ஒட்டப் போய்விட்டார். போகும்போது பிரஷ் கட்டு முழுவதையும் ஒரு பனையோலைப் பெட்டியில் போட்டு என்னிடம் தந்தார். ‘வச்சுக்க தாயி, எனக்கு இனி எதுக்கு’ என்றார். நல்ல அணில் முடி பிரஷ்கள். நாலு இன்னும் என்னிடம் உழைத்துக்கொண்டிருக்கின்றன.

ஊரில் உங்களை ஓவியர் என்கிறார்களா, பெயின்டர் என்கிறார்களா? (வாசகர், தொண்டி)

‘பெயின்டு அடிக்கிற புள்ள’ என்கிறார்கள். வயது நாற்பத்தாறு ஆகிறது, இன்னும் புள்ளதான். எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை.

வரைந்ததில் பெரிய தப்பு ஏதாவது செய்ததுண்டா? மறைக்காமல் சொல்லவும். (வாசகர், வாலிநோக்கம்)

மறைக்க நினைத்தாலும் ஊர் விடாதே. இரண்டைச் சொல்கிறேன்.

ஒரு பள்ளிக்கூடச் சுவரில் பாய் விரித்த வள்ளம் ஒன்று வரைந்தேன். பன்னிரண்டடி நீளம், மூன்று நாள் வேலை. பாய் காற்று வாங்கி நன்றாகப் புடைத்து நின்றது, உச்சியில் ஒரு சிவப்புக் கொடியும் போட்டேன். முடித்துவிட்டு ஏணியிலிருந்து இறங்கினால், ஒரு பெரியவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நன்றாக இருக்கிறது என்று சொல்லப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: ‘என்னத்தா, பாய்க்குக் கச்சான் அடிக்குது, கொடிக்குக் கொண்டல் அடிக்குது?’ கச்சான் மேல்காற்று, கொண்டல் கீழ்காற்று. பாய் ஒரு பக்கம் புடைத்திருக்க, கொடியை நேர் எதிர்ப்பக்கம் பறக்கவிட்டிருந்தேன். அந்தப் பக்கம் வெற்றிடமாக இருந்ததே, நிரப்பினால் அழகாக இருக்கும் என்றுதான் போட்டேன், அழகாகவும்தான் இருந்தது. ஆனால் அந்தச் சுவரைத் தாண்டிப் போகிற ஒவ்வொருவரும் நின்று சிரித்துவிட்டுப் போனார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உட்பட. மறுநாளே ஏணியைப் போட்டுக் கொடியைத் திருப்பினேன். திருப்பிய பிறகு பழைய கொடியின் சிவப்பு வெள்ளைக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்தது, அதற்கு இன்னும் இரண்டு கோட்டிங். இன்றைக்கும் சாயங்கால வெயில் சாய்வாக விழுந்தால் அந்த இடம் லேசாகத் தெரியும்.

இன்னொன்று ஆவுளியா. கடற்பசு என்று புத்தகத்தில் போடுவார்கள். அதைக் காப்பாற்ற வேண்டும் என்று ஒரு விழிப்புணர்வுச் சுவர் வரையச் சொன்னார்கள். நான் உயிரோடு பார்த்ததில்லை, அதனால் செல்போனில் தேடி ஒரு படத்தை எடுத்து, கட்டம் போட்டுப் பெரிதாக்கி வரைந்துவிட்டேன். அதே பெரியவர் வந்தார். (அவருக்கு வேறு வேலையே இல்லையா என்று அப்போது தோன்றியது உண்மை.) ‘வாலு இப்படி விசிறி மாதிரி வட்டமா இருக்காது தாயி, ஓங்கல் வாலு மாதிரி ரெண்டாப் பிளந்திருக்கும்’ என்றார். ஓங்கல் என்றால் டால்பின். செல்போனே சொல்கிறது, இவர் இல்லை என்கிறாரே என்று எனக்கு வீம்பு. வீட்டுக்குப் போய் நிதானமாகப் பார்த்தால், நான் எடுத்தது மானட்டியின் படம். அது அமெரிக்கப் பக்கமும் மேற்கு ஆப்பிரிக்கப் பக்கமும் இருக்கிற வேறு பிராணி, அதற்குத்தான் வட்ட வால். மூஞ்சியைப் பார்த்தால் இரண்டும் அக்கா தங்கை மாதிரி இருக்கும். நம் கடலின் பிராணியைக் காப்பாற்றச் சொல்லி எங்கோ இருக்கிற பிராணியை வரைந்துவைத்திருந்தேன், படத்தைப் பார்த்து ஒப்புதல் கொடுத்த அதிகாரிகளும் கண்டுபிடிக்கவில்லை.

இதனால்தான் நகரத்தில் வரைவதைவிட எங்கள் ஊரில் வரைவது கஷ்டம் என்று எல்லோரிடமும் சொல்வேன். நகரத்தில் வலையை எப்படி வரைந்தாலும் வலைதான். இங்கே கண் அளவைப் பார்த்து ‘இது என்ன வலை, இதுல என்ன மீனு படும்?’ என்பார்கள். நான் வரைகிற பொருளை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள்தான் அதைப் பார்க்கிறார்கள். இப்போதெல்லாம் கரிக்கட்டையில் கோடு போட்டதுமே அந்தப் பெரியவரைத் தேடிப்போய்க் கூட்டிவந்து காட்டிவிடுகிறேன். டீ செலவு என்னுடையது.

சேலை கட்டிக்கொண்டு சாரத்தில் ஏறுகிறீர்களா? வீட்டுக்காரர் ஒன்றும் சொல்வதில்லையா? (வாசகி, சாயல்குடி)

சேலைக்கு மேல் அவருடைய பழைய சட்டை, தலையில் துண்டு, அவ்வளவுதான். வயல் வேலைக்கும் ரோட்டு வேலைக்கும் போகிற பெண்கள் போடுகிற அதே கோலம். முதலில் வாய் பேசினார்கள், மாமியார் பேசினார், தெருவும் பேசியது, அப்புறம் ஓய்ந்துவிட்டது.

வீட்டுக்காரர் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அவருக்கு வேலை கிடையாது. எனக்கு வேலை குவிவது அந்த 61 நாளில்தான். படகை எல்லாம் கரையேற்றி, மரம் மாற்றி, ஓட்டை அடைத்து, பெயின்ட் அடிப்பார்கள். படகின் அடிப்பக்கத்துக்கு, செம்பு கலந்த சிவப்புப் பெயின்ட், பாசியும் சிப்பியும் ஒட்டாமல் இருக்க. அதைப் படகுக்காரர்களே அடித்துக்கொள்வார்கள். பெயர், பதிவு எண், அணியத்தில் (படகின் முன்முனை) அந்தோணியாரோ அம்மனோ பிறை நிலாவோ, இதெல்லாம் என்னிடம் வரும். பதிவு எண்ணில் ஒரு இலக்கம் தப்பினால் கடலில் கேள்வி கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது படகுக்காரர், அதனால் சாமி படத்தைவிட எண்ணை எழுதும்போதுதான் எனக்குக் கை நடுங்கும். அந்த இரண்டு மாதமும் ஏணியைப் பிடிப்பது, டப்பா கழுவுவது, சோறு கொண்டுவருவது எல்லாம் அவர்தான். மற்ற பத்து மாதமும் வலையிலிருந்து மீன் கழிக்க, கரையில் சில்லறை வேலை பார்க்க நான் போகிறேன். கணக்கு நேராகிவிடுகிறது.

எங்கள் வீடு கடலிலிருந்து இருநூறு அடி. எத்தனை தடவை பெயின்ட் அடித்தாலும் ஒரே வருடத்தில் பொரிந்து உதிர்கிறது. நல்ல கம்பெனிப் பெயின்டுதான். என்ன செய்யலாம்? (வாசகர், தேவிப்பட்டினம்)

ஓவியத்தைப் பற்றிக் கேட்பீர்கள் என்று பார்த்தால் பையில் பாதிக் கடிதம் இந்தக் கேள்விதான்! ஆனால் நானும் இதோடு மல்லுக்கட்டித்தான் பிழைக்கிறேன் என்பதால் விவரமாகவே சொல்கிறேன்.

கோளாறு பெயின்டில் இல்லை, சுவருக்குள் இருக்கிறது. மணலில் உப்பு, கட்டும்போது ஊற்றிய தண்ணீரில் உப்பு, அஸ்திவாரத்துக்குக் கீழே மண்ணில் உப்பு. மழைக்காலத்தில் ஈரம் சுவர் வழியாக ஏறும்போது உப்பைக் கரைத்துக்கொண்டு வரும். வெயிலில் ஈரம் காய்ந்து போய்விடும், உப்பு போக முடியாமல் சுவரின் மேல்தோலுக்கு அடியில் கல்கண்டு மாதிரி படிகமாகி வீங்கும். அந்த வீக்கம்தான் பெயின்டைத் தள்ளுகிறது. நீங்கள் விலை கூடிய, பளபளப்பான, தண்ணீரே இறங்காத பெயின்டாகப் பார்த்து அடிக்க அடிக்க, உள்ளே இருக்கிற ஈரத்துக்கு வெளியேற வழியில்லாமல் இன்னும் பெரிய பொரியாகத் தள்ளும். எனாமல் அடித்த சுவர் அப்பளம் மாதிரி வருவது இதனால்தான்.

நான் செய்வது இது. பழையதை முழுவதும் சுரண்டிவிடுவேன். பூத்திருக்கும் உப்பை உலர்ந்த தென்னை விளக்குமாறாலோ பிரஷாலோ தட்டிக் கீழே விழவைத்து அள்ளி எறிந்துவிடுவேன். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அதே உப்பு கரைந்து திரும்ப உள்ளே போய்விடும், பலரும் செய்கிற தப்பு இது. அப்புறம் காயவிட வேண்டும். வாடைக்காலத்து ஈரம் இருக்கும்போது தொடவே கூடாது, மாசி பங்குனியில் செய்யுங்கள். மேலே சுண்ணாம்பு அடியுங்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பை நல்ல தண்ணீரில் ஊறவைத்து, வடிகட்டி, மெல்லிசாக மூன்று நாலு கை. சுண்ணாம்புக்கு மூச்சு உண்டு, ஈரத்தை வெளியே விட்டுவிடும். வருடா வருடம் அடிக்க வேண்டியிருக்கும்தான், ஆனால் செலவு குறைவு, பொரியவும் பொரியாது. நம் பக்கத்துப் பழைய வீடுகள் கடல்கல்லிலும் (பவளப்பாறைதான்) சுண்ணாம்புக் காரையிலும்தான் நின்றன. அதற்காகப் பவளப்பாறையை வெட்டி எடுக்க யாரும் கிளம்பிவிடாதீர்கள், 2001 முதல் அது வனவிலங்குச் சட்டத்தில் குற்றம்.

அந்தச் சுண்ணாம்பின் மேலேயே படமும் வரையலாம். ஆனால் சுண்ணாம்பு எல்லா நிறத்தையும் ஏற்றுக்கொள்ளாது, சிலதைத் தின்றுவிடும். காவி, மஞ்சக்காவி, கரி, துணிக்குப் போடுகிற நீலப்பொடி, இந்த நாலும் நிற்கும். நாலு போதும். என் நல்ல சுவர்கள் எல்லாம் நாலு நிறத்தில் வந்தவைதான்.

கடலுக்கு எந்த நீலம் போடுகிறீர்கள்? நான் போட்டால் நீச்சல் குளம் மாதிரி இருக்கிறது. (மாணவி, பரமக்குடி)

டப்பாவைத் திறந்து அப்படியே அடித்திருப்பீர்கள். முதலில் ஒரு நாள் பஸ் ஏறி வந்து பாம்பன் பாலத்தில் நின்று இரண்டு பக்கமும் பாருங்கள். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வடக்கை எங்கள் பக்கம் பெண் கடல் என்பார்கள், அலை குறைவு, பச்சை கலந்து கொஞ்சம் கலங்கலாகக் கிடக்கும். தெற்கு ஆண் கடல், அலையும் ஆழமும் நீலமும் அதிகம். ஆனால் அதுவும் எப்போதும் அப்படி இல்லை. வாடை அடிக்கும் மாதங்களில் பெண் கடல்தான் பொங்கும், ஆண் கடல் சாதுவாகிவிடும். ஆணாவது பெண்ணாவது, காற்று எந்தப் பக்கம் என்பதுதான் விஷயம்.

கரையோரம் மணல்மேல் தண்ணீர் வெளிறிய பச்சை, கடல்புல் இருக்கும் இடத்தில் திட்டுத் திட்டாகக் கரும்பச்சை, அதைத் தாண்டினால்தான் நீலம். ஆழம் கூடக் கூட முதலில் மங்குவது சிவப்பு, அதனால் தண்ணீருக்கு அடியில் மீனை வரையும்போது செக்கச்செவேல் என்று போடாதீர்கள். நீலத்தில் எப்போதும் ஒரு துளி மஞ்சக்காவி விடுங்கள். ஒரு துளிதான், இரண்டு விட்டால் ஊருணி ஆகிவிடும்.

ராத்தா, எங்கள் வீட்டில் உருவம் வரையக் கூடாது என்பார்கள். பூவும் கொடியும் மட்டும் வரைந்துகொண்டிருக்கிறேன். இது ஓவியமா, வெறும் டிசைனா? (வாசகி, கீழக்கரை)

உங்கள் ஊர்ப் பழைய ஜும்மா பள்ளிவாசலின் கல்தூண்களைப் பார்த்துவிட்டுமா இந்தக் கேள்வி? திராவிடக் கட்டடக்கலையில் கட்டிய பள்ளி அது. ஒரு உருவம் இல்லாமல் கல்லில் என்ன செய்ய முடியும் என்பதற்கு அதைவிட வேறு பாடம் எனக்குத் தெரியாது.

ஒரு தடவை கல்யாண வீடு ஒன்றில் முன்னறை முழுக்கச் சுவரின் மேல்விளிம்பில் கொடி போடச் சொன்னார்கள். எளிது என்று நினைத்து ஒரு மூலையில் ஆரம்பித்து இழுத்துக்கொண்டே போனேன். நாலாவது சுவர் முடிந்து ஆரம்பித்த மூலைக்கு வந்தால் முக்கால் பூதான் கொள்ளுமளவு இடம் இருக்கிறது. உருவம் என்றால் கையைக் கொஞ்சம் மடக்கிவிடலாம், கொடியில் அப்படி ஏமாற்ற முடியாது. அன்றிலிருந்து முதலில் சுவரை அளந்து, எத்தனை பூ என்று வகுத்து, ஒவ்வொரு சுவருக்கும் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் போகிறேன். உங்களுக்கு மருதாணி போடும் கை இருக்கும் என்று நினைக்கிறேன். அந்தக் கோடு எனக்கு வராது. நீங்கள் விடாதீர்கள்.

உங்களுக்கு முன்மாதிரி என்று யாரைச் சொல்வீர்கள்? ரவிவர்மாவா? (வாசகர், மதுரை)

ரவிவர்மா காலண்டரைப் பார்க்காமல் வளர்ந்தவர் யார்? ஆனால் முன்மாதிரி என்றால் பீகாரில் ஒருவர் இருக்கிறார், துலாரி தேவி. மதுபனி மாவட்டத்தில் ராந்தி என்ற ஊர். மல்லா சமூகம், அதாவது மீன் பிடிக்கிற குடும்பம். சின்ன வயதிலேயே கல்யாணம், பிறந்த குழந்தை ஆறு மாதத்தில் தவறிப்போக, தாய்வீட்டுக்குத் திரும்பிவிட்டார். பிழைப்புக்கு வீட்டு வேலைக்குப் போனார். வேலைக்குப் போன வீடு மதுபனி ஓவியத்தில் பெரிய கைகளான மகாசுந்தரி தேவியும் கர்பூரி தேவியும் இருந்த வீடு. பெருக்கித் துடைத்துக்கொண்டே பார்த்துப் பார்த்து, பிறகு அவர்களிடமே கற்றுக்கொண்டார். அந்த ஓவியம் பரம்பரையாக மேல்சாதி வீட்டுச் சுவர்களில் பெண்கள் வரைந்துவந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள், அவர் தாண்டியது எவ்வளவு பெரிய வாசற்படி என்று தெரியும். மெல்லிய கோடாகவே நிரப்புகிற கச்னி, நிறத்தால் நிரப்புகிற பர்னி, இரண்டும் அவருக்குக் கைவரும். 2021இல் பத்மஸ்ரீ. 2025இல் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பட்ஜெட் வாசிக்கும்போது உடுத்தியிருந்தது இவர் வரைந்து கொடுத்த சேலைதான். அவர் கதையைச் சென்னைப் பதிப்பகம் ஒன்று அவர் வரைந்த படங்களோடு புத்தகமாகவே போட்டிருக்கிறது.

விருதுக்காகச் சொல்லவில்லை. ஆயிரம் சாமி படம் வரைகிற இடத்தில் உட்கார்ந்து தன் ஆட்கள் மீன் பிடிக்கிறதையும் வரைந்தாரே, அதற்காகச் சொல்கிறேன்.

எனக்கு 58 வயது. பேரப்பிள்ளைகளின் கலர் பென்சிலை எடுத்து வரைய ஆரம்பித்திருக்கிறேன். சிரிக்கிறார்கள். (வாசகி, திருப்புல்லாணி)

மத்தியப் பிரதேசத்தில் உமரியா மாவட்டத்துக்காரர் ஜோதையா பாய் பைகா என்று ஒருவர். கூலி வேலை செய்து பிள்ளைகளை வளர்த்துவிட்டு, எழுபதை நெருங்கும் வயதில்தான் பிரஷைத் தொட்டார். 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். உங்களுக்கு இன்னும் பத்து வருடத்துக்கு மேல் இருக்கிறது அம்மா. பேரப்பிள்ளைகளுக்கு வேறு பென்சில் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

நம் மாவட்டத்தில் நல்ல ஓவியம் பார்க்க எங்கே போவது? (ஆசிரியர், முதுகுளத்தூர்)

ராமநாதபுரம் அரண்மனையில் ராமலிங்க விலாசம். வெளியூரிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள், நம்மில் பலர் அந்தத் தெருவில் துணி எடுத்துவிட்டு அப்படியே பஸ் ஏறிவிடுகிறோம். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தில் சுவரெல்லாம் தீட்டியது. ராமாயணம், பாகவதம் எல்லாம் உண்டு. ஆனால் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் நேராக மன்னர் சம்பந்தப்பட்ட சுவர்களுக்குக் கூட்டிப்போங்கள். ராஜராஜேஸ்வரி அம்மன் கையிலிருந்து சேதுபதி செங்கோல் வாங்குகிறார். ஐரோப்பியர்கள் தொப்பியும் காலுறையுமாக வந்து அவரைப் பார்க்கிறார்கள். தஞ்சை மராட்டியரோடு சண்டை. அந்தக் காலத்து செய்தித்தாள் மாதிரி. நான் முதல் தடவை மாமாவோடு போனபோது அவர் கதையே சொல்லவில்லை, கோட்டைத்தான் காட்டினார். ‘ஒரே இழுப்புல இழுத்திருக்கான் பாரு, எங்கயும் மை தொட்டுத் தொட்டு ஒட்டுப் போடல.’

ஓவியம் படிக்க ஆசை. அப்பா, இன்ஜினியரிங் படி, இதைப் பொழுதுபோக்காக வைத்துக்கொள் என்கிறார். (மாணவர், மண்டபம்)

சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசுக் கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. சென்னையில் இருப்பது 1850இல் தொடங்கியது. மரபு ஓவியம் என்றால் மாமல்லபுரம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டுச் சேரலாம், நாலு வருடப் பட்டம். இன்ஜினியரிங்கும் நாலு வருடம்தான் என்று அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள். நான் பத்தாவதோடு நின்றவள், அந்த வாசலைப் பார்த்ததில்லை, பார்த்திருந்தால் உடற்கூறு தெரியாமல் பத்து வருடம் எல்லோருக்கும் ஒரே மாதிரி கை வரைந்துகொண்டிருந்திருக்க மாட்டேன்.

காசு ஒழுங்காகக் கொடுக்கிறார்களா? (பெயர் வேண்டாம், ராமேஸ்வரம்)

படகுக்காரர்கள் கொடுத்துவிடுவார்கள். கையில் இல்லையென்றால் தடைக்காலம் முடிந்து முதல் தடவை கடலுக்குப் போய்வந்ததும் கொடுப்பார்கள், கூடவே ஒரு கூறு மீனும் வரும். கோயிலும் சர்ச்சும் பரவாயில்லை. வம்பு எல்லாம் படித்தவர்கள் இருக்கும் இடத்தில்தான். ‘ஊருக்குச் செய்கிற சேவைதானே’ என்று ஆரம்பிப்பார்கள். ஒரு அலுவலகச் சுற்றுச்சுவர் முழுக்க வரைந்துவிட்டு மீதிப் பணத்துக்காக ஒன்பது தடவை நடந்தேன். ஒன்பதாவது தடவை, போட்டோவில் நல்லா வந்திருக்கு என்று சொல்லி போட்டோவின் பிரதி ஒன்றைக் கொடுத்தார்கள். அதிலிருந்து பெயின்ட் காசை முன்னாலேயே வாங்கிவிடுகிறேன். கூலியைப் பிறகு தரலாம், பெயின்ட் என் வீட்டு அரிசிக் காசில் வாங்கக் கூடாது.

கையில் ஒட்டிய பெயின்டை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவுவேன். இப்போது கையெல்லாம் வெடிக்கிறது. (பெயின்டர், தங்கச்சிமடம்)

மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் எதையும் தோலில் ஊற்றாதீர்கள் தம்பி. தேங்காயெண்ணெய் தேய்த்து, மரத்தூளோ கோதுமைத் தவிடோ போட்டுப் பிசைந்து, அப்புறம் சோப்பு. வேலைக்கு முன்னாலேயே கையில் எண்ணெய் தடவிக்கொண்டால் பாதி ஒட்டாது. பழைய சுவரைச் சுரண்டும்போது மூக்கையும் வாயையும் கட்டுங்கள். 2017 நவம்பரிலிருந்து வீட்டு, அலங்காரப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி வந்துவிட்டது. ஆனால் நீங்கள் சுரண்டுவது அதற்கு முந்தைய பெயின்டாக இருக்கலாம். வெடிப்பு ஆறவில்லையென்றால் தோல் டாக்டரிடம் காட்டுங்கள்.

என் வீட்டுக்காரர் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை, நாலு வருடம் ஆகிறது. மீனவர் அடையாள அட்டையில் இருக்கும் சின்னப் படம் மட்டும்தான் இருக்கிறது. அதை வைத்துப் பெரிய படம் வரைய முடியுமா? (ஊர் போடவில்லை)

முடியும் தங்கச்சி. அட்டையை அனுப்ப வேண்டாம், தொலைந்துவிடக் கூடாது. வெளிச்சத்தில் வைத்து போட்டோ எடுத்து அனுப்பினால் போதும். அதன் மேல் கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் பெரிதாக்கிக்கொள்வேன். அட்டைப் படத்தில் எல்லோரும் விறைத்துப்போய் உட்கார்ந்திருப்பார்கள், அது அவர் முகமாக இருக்காது. அதனால் அவருடைய அண்ணன் தம்பி யாராவது இருந்தால் அவர்கள் படம், பிள்ளைகள் படம் எல்லாம் சேர்த்து அனுப்புங்கள். சிரித்தால் எந்தப் பக்கம் வாய் கோணும், முடியை எப்படி வாருவார், கழுத்தில் கயிறா செயினா, வெயிலில் கண்ணைச் சுருக்கும் பழக்கம் உண்டா, தோன்றுவதை எல்லாம் எழுதுங்கள். நீங்கள் எழுதுவதை வைத்துத்தான் வரைய வேண்டியிருக்கும்.

இதுபோல ஏழு படம் வரைந்திருக்கிறேன். ஒரு வீட்டில் அந்த அம்மா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார், மாலை போடாதே, பொட்டு வைக்காதே, சாமி படம் மாதிரி ஒளிவட்டம் எதுவும் வேண்டாம். உடல் கிடைக்காவிட்டால் ஏழு வருடம் ஆனால்தான் சட்டம் ஒருவரை இறந்தவராக எடுத்துக்கொள்ளும், அவருக்கு அப்போது இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. வலை பின்னுகிற மாதிரி வரைந்து கொடுத்தேன். மூன்று நாள் கழித்து வந்து, ‘அவுக இடது கையில ஊசி பிடிப்பாக’ என்றார். திருத்திக் கொடுத்தேன். உங்களவர் எந்தக் கை என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். காசு வேண்டாம்.

எங்கள் பள்ளிச் சுவரில் வரைய வருவீர்களா? படகு வரைய வேண்டும். (ஏழாம் வகுப்பு மாணவர்கள், மூக்கையூர்)

வருகிறேன். வாடை ஓய்ந்து தை முடியட்டும், இப்போது சுவர் ஈரமாக இருக்கும். ஒரு ஏணி, நாலு பழைய வாளி, இரண்டு குடம் நல்ல தண்ணீர் வேண்டும், கிணற்று உப்புத் தண்ணீர் ஆகாது. சுவரை உலர்ந்த விளக்குமாறால் தட்டி வையுங்கள், கழுவ வேண்டாம். உங்கள் ஊரில் பாய் விரித்து ஓட்டிய தாத்தா யாராவது இருந்தால் முதல் நாளே கூட்டிவந்து, நிழலில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டுவிடுங்கள்.